நிறத்துக்காக வந்த கள்ளி

இந்த எபிசோடு சக்குலன்ட் செடிகளைப் பத்தி. ரோஸ், ஊதா, ஆரஞ்சு, சாம்பல் கலந்த நீலம் என்று உள்ளங்கை அளவுத் தொட்டியில் வருதே, அந்த ஹைப்ரிட் செடிகள். சென்னையிலும் பெங்களூரிலும் நீங்க ஆன்லைனில் வாங்குறீங்க. எங்க ஊர் விக்கிரமசிங்கபுரத்திலும், அதாவது வி.கே.புரத்திலும், இப்போ மாடிக்கு மாடி இருக்கு. நர்சரியில் போய், "அண்ணாச்சி, இது என்ன செடி?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "அதுவா? கலர் கள்ளி."

அண்ணாச்சி பொதுவாகச் சொல்ற பேர்தான். ஆனால் சரித்திரத்தில் அது ரொம்பப் பொருத்தமான பேர். நிறத்துக்காகக் கள்ளியைத் தேடித் தேடி வளர்ப்பது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஓர் அரசாங்கமே அதைச் செய்தது. சைதாப்பேட்டையில் தோட்டம் போட்டு, சம்பளத்துக்கு ஆள் வச்சு. அது எங்கே போய் முடிந்தது என்பதுதான் இன்னைக்குக் கதை. கதை முழுக்க ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வரும்: எந்தக் கள்ளி, எந்தப் பூச்சி என்று சரியாகத் தெரியாமல் காரியத்தில் இறங்குவது.

முதலில் 'கள்ளி' என்ற சொல். சங்கப் பாட்டில் பாலை நிலம் வந்தால் கள்ளியும் வரும். குறுந்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடிய ஒரு பாட்டில், கள்ளிக்காட்டில் ஆண் பல்லி தன் துணையைக் கூப்பிடுகிறது. பொருள் தேடப் போன தலைவன் அந்தச் சத்தத்தைக் கேட்டு நம்மை நினைக்க மாட்டானா என்று தோழியும் தலைவியும் பேசிக்கொள்ளும் இடம். நம்மில் நிறைய பேர் இதைப் படிக்கும்போது மனசுக்குள் ஒரு கேக்டஸை வரைந்து வச்சிருப்போம். அது கேக்டஸ் கிடையாது. கேக்டஸ் குடும்பம் கிட்டத்தட்ட முழுக்க அமெரிக்கக் கண்டத்துச் சொத்து. கொலம்பஸுக்கு முன்னாடி அது இங்கே வர வழியே இல்லை. நம்ம பழைய கள்ளி யூஃபோர்பியா இனம்: சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி. உடைச்சால் பால் வரும். கேக்டஸை உடைச்சால் பெரும்பாலும் வழவழவென்று தண்ணிச் சாறுதான் வரும். ரெண்டும் சொந்தக்காரங்க கூட இல்லை. வறட்சியைத் தாங்க ரெண்டு கண்டத்தில் ரெண்டு குடும்பம் தனித்தனியாக ஒரே மாதிரி உடம்பை வளர்த்துக்கிட்டது, அவ்வளவுதான்.

நம்ம ஊர் சக்குலன்ட்கள் வேறேயும் இருக்கு. துவையலுக்குப் போற பிரண்டை சதைப்பற்றுள்ள கொடி. கள்ளிமுளையான் என்று ஒன்று, முள் இல்லாத, விரல் மாதிரி நிற்கும் செடி. ஆடு மேய்க்கிறவங்க பசிக்குப் பச்சையாகவே கடிப்பாங்க. ஆனால் இவற்றில் எதையும் யாரும் அழகுக்காகத் தொட்டியில் வைக்கவில்லை. கள்ளி என்றால் வேலி, சுடுகாடு, வறண்ட காடு. மங்கலத்துக்கு ஆகாத செடி.

இப்போ கடல் தாண்டிப் போவோம். மெக்சிகோவில் ஓவாஹாகா என்று ஒரு பகுதி. அங்கே சப்பாத்திக்கள்ளி இனத்தைத் தோட்டமாக வளர்த்து, அதன் மேல் ஒரு பூச்சியை வளர்த்தாங்க. பேர் கோச்சினீல். நம்ம செம்பருத்தியில் வரும் மாவுப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். பெண் பூச்சி ஓர் இடத்தில் வாயைக் குத்தி உட்கார்ந்தால் சாகும்வரை நகராது. மேலே வெள்ளைப் பஞ்சு மாதிரி மெழுகு. விரலால் நசுக்கினால் ரத்தச் சிவப்பு. எறும்பு மாதிரி எதிரிகள் கிட்டே வராமல் இருக்க அது தன் உடம்பில் சேர்த்து வைக்கும் கார்மினிக் அமிலம்தான் அந்தச் சிவப்பு. காய வைத்து ஒரு பவுண்டு சேர்க்கச் சுமார் 70,000 பூச்சி வேணும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

ஐரோப்பாவில் கம்பளிக்கும் பட்டுக்கும் இதை விட்டால் நல்ல சிவப்பு கிடையாது. பாதிரியார் அங்கி, படை அதிகாரி கோட்டு, எல்லாம் இதுதான். ஸ்பெயின் இந்த வியாபாரத்தை இரும்புப் பெட்டிக்குள் வச்சுப் பூட்டியிருந்தது. 1777இல் தியரி த மெனோன்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் ஓவாஹாகாவுக்குள் நைசாகப் போய், பூச்சி உட்கார்ந்த கள்ளித் துண்டுகளைப் பெட்டியில் மறைத்து வெளியே கொண்டுவந்தார். ஒரு தொழில் ரகசியத்தைச் செடியோட திருடுவது அந்தக் காலத்தில் தேசபக்தி.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அந்த ஆசை இருந்தது. இங்கேதான் மெட்ராஸ் உள்ளே வருது. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், கம்பெனியின் மருத்துவத் துறைத் தலைவர். வைத்தியத்தைவிட அவருக்குச் செடியில்தான் உயிர். நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் வச்சிருந்தார். பட்டுப்பூச்சிக்கு முசுக்கொட்டை, அது இது என்று எதையாவது பயிர் பண்ணிப் பார்த்துக்கிட்டே இருப்பார். 1786 கடைசியில், மெட்ராஸ் பக்கம் புல்லில் ஒட்டியிருந்த ஒரு சிவப்புப் பூச்சியைப் பார்த்து, இதுதான் கோச்சினீலோ என்று லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். பேங்க்ஸ் அந்தக் காலத்துத் தாவரவியலுக்குப் பெரிய தலை. பூச்சி அது இல்லை என்று ஆகிப்போச்சு. ஆனால் ஆசை விடவில்லை. உண்மையான பூச்சி ஒருநாள் கிடைக்கும், அதுக்கு முன்னாடி சாப்பாடு தயாராக இருக்கட்டும் என்று கள்ளித் தோட்டம் போட்டாங்க. சைதாப்பேட்டையில், மர்மலாங் பாலம் இருந்த பக்கம். இன்னைக்கு அந்த இடத்தில் இருப்பது மறைமலை அடிகள் பாலம். லண்டன் கியூ தோட்டத்தில் இருந்தெல்லாம் கள்ளி கப்பலில் வந்து இறங்கியது. கள்ளிக்கு ஸ்பானிய மொழியில் நோபால் என்று பேர், அதனால் அந்தத் தோட்டத்துக்கு 'நோபால்ரி'. ஆண்டர்சனின் சொந்தக்காரரான ஆண்ட்ரூ பெரி அதைப் பார்த்துக்கிட்டார்.

விருந்தாளி வரும் முன்னாடியே இலை போட்டுக் காத்திருந்த கதை. பூச்சி இல்லாமல் கள்ளி மட்டும் செழிப்பாக வளர்ந்தது. செலவுக்கு ஒரு நியாயம் காட்ட வேண்டாமா? ஸ்கர்வி வந்த கப்பல்காரர்களுக்கு இது நல்ல காய்கறி என்று ஆண்டர்சன் கடிதம் மேல் கடிதம் எழுதினார். எனக்கு அவரைப் பிடிக்கும். ஒரு யோசனை படுத்துவிட்டால் அதையே இன்னொரு பக்கமாக நிமிர்த்தி வைக்கப் பார்க்கிற ஆள்.

1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோவில் இருந்து, பூச்சி உட்கார்ந்த கள்ளியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். எல்லாருக்கும் சந்தோஷம். அங்கே பெருக்கி மெட்ராஸுக்கும் அனுப்பினாங்க. ஆனால் அது மெக்சிகோவின் வீட்டு வளர்ப்புப் பூச்சி இல்லை. அதே இனத்தில் காட்டு வகை. சாயம் குறைவு, தரமும் மட்டம். பார்க்க ரெண்டும் ஒரே வெள்ளைப் பஞ்சு. வித்தியாசம் விலையில்தான் தெரிந்தது. மெட்ராஸ் சிவப்பு லண்டன் சந்தையில் ஓவாஹாகா சிவப்புக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. சைதாப்பேட்டைத் தோட்டத்தையும் மூடியாச்சு.

சாயத் தொழில் படுத்தது. ஆனால் அந்தக் காட்டுப் பூச்சி வேறொரு வேலை பண்ணிக்கிட்டிருந்தது. வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளி ஏற்கெனவே காடாக மண்டியிருந்தது. பூச்சி அதைத் தின்றே தீர்த்தது. இதைப் பார்த்த அதிகாரிகள் 1836க்கும் 1838க்கும் நடுவில் பூச்சியைத் தெற்கே கொண்டுவந்து விட்டாங்க. இந்த முறை சாயத்துக்கு இல்லை, கள்ளியைக் கொல்ல. ஒரு களையை அழிக்கத் தெரிந்தே ஒரு பூச்சியை விட்டு ஜெயித்த முதல் சம்பவம் என்று உலகப் பயிர்ப் பாதுகாப்புப் பாடத்தில் இதைத்தான் சொல்றாங்க. 1860களில் இங்கிருந்து இலங்கைக்கும் போனது.

ஜெயித்தது என்று சொன்னேன் இல்லையா, அது பாதிதான் உண்மை. பூச்சி ஒரு வகைக் கள்ளியைத்தான் தின்னும். நம்ம தெற்குச் சீமையில் நின்றது இன்னொரு வகை: மஞ்சள் பூ, கொத்தாக முள், பழுத்தால் ஊதா கலந்த சிவப்புப் பழம். நாகதாளி என்பாங்க. சப்பாத்திக்கள்ளி என்று நாம் இன்னைக்கும் சொல்வது இதைத்தான். இந்தப் பூச்சி அதைத் தொடவே இல்லை.

நாகதாளியைக் கெட்ட செடி என்று மட்டும் சொல்லிட முடியாது. முள் செடியால் ஊரைச் சுற்றி அரண் போடுவது இங்கே பழைய வழக்கம். 1760இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகை போட்டபோது, முதலில் ஊரைச் சுற்றி இருந்த கற்றாழை முள் வேலியைத்தான் தாண்ட வேண்டியிருந்தது. கிராமத்தில் தோட்டத்துக்கு வேலி, ஆடு உள்ளே வராது, காசு செலவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்குப் போட்டாங்க, மனுஷனும் பழத்தைத் தின்றான். பழம் தின்னத் தெரியணும். மேல் தோலில் கண்ணுக்குத் தெரியாத சுணை, உள்ளே நட்சத்திரம் மாதிரி ஒரு முள். அதை எடுக்காமல் விழுங்கினால் தொண்டையில் குத்தும். தின்னு முடித்தால் உதடும் நாக்கும் ரெண்டு நாளைக்கு ரோஸ். அந்த ரோஸ் பூச்சியின் சிவப்பு இல்லை. பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை நிறமி.

இன்னொரு பக்கம், ஒரு மடல் ஒடிந்து விழுந்தால் அது ஒரு செடி. வெட்டிப் போட்டால் பத்துச் செடி. புன்செய் ஓரத்தில் ஆரம்பித்து உழவு நிலத்துக்குள் வந்தது. மேய்ச்சல் நிலம் போச்சு, பாம்புக்குப் புகலிடம் ஆச்சு. பணம் கொடுத்து வெட்டிப் புதைத்துப் பார்த்தாங்க, அடங்கவில்லை.

அதே நேரம் ஆஸ்திரேலியாவில் இந்த இனம் கோடிக்கணக்கான ஏக்கரை விழுங்கியிருந்தது. அவங்க அமெரிக்கக் கண்டம் முழுக்க அலைந்து பூச்சி சேர்த்தாங்க. அதில் ஒரு கோச்சினீல் வகை நாகதாளியைத் தின்றது. ஆஸ்திரேலியாவில் இருந்து இலங்கை, இலங்கையில் இருந்து 1926இல் மெட்ராஸ் மாகாணம். இந்தத் தடவை பூச்சியும் செடியும் சரியாகப் பொருந்தின. குஞ்சுப் பூச்சியின் உடம்பில் நீளமான மெழுகு இழை இருக்கும். காத்தடித்தால் பறந்து அடுத்த செடிக்குப் போயிடும். எங்க பக்கம் ஆனி ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று தெரிந்தவங்களுக்கு இதுக்கு மேல் விளக்கம் வேண்டாம். சில வருஷத்தில் தென் மாவட்டங்களில் கள்ளிக்காடுகள் வெளுத்து, வாடி, விழுந்தன. வேலி இல்லாமல் போன இடத்துக்கு அடுத்து நாம் தேடிக்கிட்ட செடி எது தெரியுமா? சீமைக்கருவேலம். தெக்கே அதுக்குப் பேரே வேலிக்காத்தான். அது தனி எபிசோடு.

1795இல் தப்பான பூச்சி, 1926இல் சரியான பூச்சி. நடுவில் 131 வருஷம். அந்த வருஷங்களின் கூலியைக் கொடுத்தது கம்பெனியும் இல்லை, பேங்க்ஸும் இல்லை. புன்செய்க்காரன்.

சாயம் என்ன ஆச்சு என்று கேட்பீங்க. 1856இல் பெர்கின் என்ற 18 வயசுப் பையன் லண்டனில் செயற்கை ஊதாச் சாயத்தைத் தற்செயலாகக் கண்டுபிடித்தான். அடுத்தடுத்து செயற்கைச் சிவப்புகள் வந்தன. ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் தண்ணி விழும் வேகத்தை நம்பி எங்க ஊரில் நூல் மில் கட்டிய 1880களில், கோச்சினீலின் விலை உலகம் முழுக்கச் சரிந்துக்கிட்டிருந்தது. வி.கே.புரம் என்ற மில் ஊர் பிறந்ததும், கள்ளிச் சிவப்பு காலாவதியானதும் ஏறக்குறைய ஒரே காலம். பூச்சிச் சிவப்பு முழுசாகச் சாகவில்லை. லிப்ஸ்டிக்கிலும் சில தின்பண்டங்களிலும் இன்னும் இருக்கு. தங்கள் ஸ்ட்ராபெரி பானத்தில் இதைப் போடுவதைப் பற்றி எதிர்ப்பு வந்ததும் 2012இல் அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் அதை எடுத்துவிட்டது.

சரி, தொட்டிச் செடிக்கு வருவோம். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் நடந்த அதே வருஷங்களில், 1787 முதல் 1803 வரை, ஸ்பெயின் அரசு மெக்சிகோவில் ஒரு பெரிய தாவர ஆய்வுப் பயணம் நடத்தியது. அதில் செடிகளை வரைந்த ஓவியர்களில் ஒருவர் அத்தனாசியோ எச்செவெரியா. நீங்க வாங்கும் ரோஜாப்பூ வடிவ சக்குலன்ட்டுக்கு 'எச்செவெரியா' என்று பேர் வந்தது அவரால்தான். 1828இல் ஓவியர் பேரைச் செடிக்கு வைத்தார் தெ கந்தோல். மெக்சிகோவின் அதே வறண்ட மலை நாடு. ஒரு கூட்டம் சாயத்துக்காக அலைந்தது, இன்னொரு கூட்டம் படம் வரைந்தது. இன்னைக்கு வி.கே.புரம் மாடிக்கு வந்திருப்பது படம் வரைந்தவர்கள் பார்த்த செடி.

அப்புறம்தான் கலப்பினக் கதை. ஊதா படர்ந்த 'பெர்லே ஃபான் நியூர்ன்பெர்க்' 1930களில் ஜெர்மனியில் உருவான ஹைப்ரிட். தலையில் சிவப்பு, மஞ்சள் உருண்டை வைத்த 'மூன் கேக்டஸ்' 1940களில் ஜப்பான் நர்சரிகளில் இருந்து வந்தது. அந்த உருண்டையில் பச்சையமே கிடையாது, அதால் தனக்கு உணவு தயாரிக்க முடியாது. கீழே பச்சையாக நிற்பது டிராகன் பழச் செடியின் தண்டு, அதன் மேல் ஒட்டுக் கட்டியிருக்காங்க. கீழே உள்ளது சமைக்குது, மேலே உள்ளது அழகாக உட்கார்ந்திருக்கு. கொஞ்ச வருஷத்தில் செத்தால் உங்க கை ராசி இல்லை என்று வருத்தப்படாதீங்க. அதன் ஆயுளே அவ்வளவுதான்.

எச்செவெரியாவுக்கு ராத்திரிக் குளிர் வேணும். ஊட்டியில், கொடைக்கானலில் ரோஸாக இருந்தது, சமவெளிக்கு வந்தால் வெளுத்து, கழுத்து நீண்டு, ஐப்பசி மழையில் அழுகும். எங்க ஊர் மலையடிவாரம்தான், ஆனால் குளிர் ஊர் இல்லை. அடைமழை நேரத்தில் தொட்டியைக் கூரைக்குக் கீழே வைக்கணும். கலவைக்கு உடைத்த செங்கல், கரித்துண்டு போதும். தாமிரபரணி மணலை அள்ள வேண்டாம், அது ஏற்கெனவே போதுமான அளவுக்குப் போயாச்சு. நிறம் நிற்க வெயில் வேணும். நிழலில் வச்சால் எல்லாம் பச்சைதான்.

எங்க வெயிலில் கலர் காட்டுவது வேற செடிகள். டேபிள் ரோஸ். அடீனியம். எல்லாத்துக்கும் மேல், தாய்லாந்துக்காரங்க கலந்து கலந்து பெரிய பூவாக்கின முள்செடி, நர்சரியில் வெறுமனே 'யூஃபோர்பியா' என்பாங்க. பூர்வீகம் மடகாஸ்கர். உடைச்சால் பால் வரும். பெருங்கடுங்கோவின் பல்லி உட்கார்ந்த கள்ளிக்குப் பங்காளி இதுதான். மங்கலத்துக்கு ஆகாது என்று ஊருக்கு வெளியே நின்ற குடும்பத்தின் வெளிநாட்டுக் கிளை, இப்போ வாசல் படியில் ரோஸ் பூவோட நிற்குது. பால் கண்ணில் படாமல் பார்த்துக்கோங்க, அந்தக் குணம் மாறவில்லை.

கடைசியாக ஒரு செடி. இலை ஓரம் முழுக்கப் பட்டன் பட்டனாகக் குட்டி முளைக்கும், தொட்டால் உதிரும். 'மதர் ஆஃப் தவுசண்ட்ஸ்' என்று சின்னத் தொட்டியில் ஐம்பது ரூபாய்க்கே கிடைக்கும். அந்தப் பேரில் கிடைப்பதில் ஒன்று, 1930களில் கலிபோர்னியாவில் ஹாட்டன் என்பவர் ரெண்டு மடகாஸ்கர் செடிகளைக் கலந்து உண்டாக்கிய ஹைப்ரிட். மனுஷன் கையால் பிறந்த செடி, இப்போ பல கண்டங்களில் தொட்டியைத் தாண்டிக் காடாகப் பரவியிருக்கு. இந்தக் கூட்டத்துச் செடிகளைத் தின்று ஆஸ்திரேலியாவில் மாடுகள் செத்திருக்கு. இதயத்தைத் தாக்கும் நஞ்சு இலையிலும் பூவிலும் இருக்கு.

எங்க ஊரில் நின்றால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் மலை கண் முன்னாடி தெரியும். மாடித் தொட்டியைக் கழிச்சுக் கொட்டும் இடம் பெரும்பாலும் கால்வாய்க் கரை. கால்வாய்த் தண்ணி போற வழியெல்லாம் அந்தக் குட்டியும் போகும். அதனால் நான் அந்தச் செடியை வளர்ப்பதில்லை. யாராவது ஆசையாகக் கொடுத்தால் வாங்கி, பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி, வெயிலில் ரெண்டு மூணு வாரம் வேக விட்டு, அப்புறம்தான் குப்பைக்கு. காய்ந்த மாதிரி தெரிந்தால் நம்பக் கூடாது, குழைந்து கறுப்பாகணும். நர்சரி அண்ணாச்சியிடம் இதன் முழுப் பேரைச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கேன். இப்போ அந்தத் தொட்டிகளை மட்டும் 'கலர் கள்ளி' வரிசையில் இருந்து பிரித்துத் தனியாக வச்சிருக்கார்.

அடுத்த எபிசோடு சாயவேர். பூச்சி வருவதுக்கு ரொம்ப முன்னாடியே, நம்ம கடற்கரை மணலில் தோண்டி எடுத்துப் பருத்தித் துணியைச் சிவப்பாக்கின வேர்.